லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல எந்த விசா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கப்பல் இயந்திரப் பொறியியலாளர். வயது 67. மனைவியுடன் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். கடல் வேலையை விட்ட பிறகு, திருகோணமலைக்கு வரும் கப்பல்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் சர்வேயர் வேலை செய்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எஞ்சின் பழுதாகி இங்கே ஒதுங்கிய ஒரு சரக்குக் கப்பலை, உரிமையாளர்கள் கேட்டு நான் பார்த்தேன். வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றிய எரிபொருளே எஞ்சினைக் கெடுத்தது என்பது அவர்களுடைய வாதம். வழக்கு இப்போது லண்டன் உயர் நீதிமன்றத்தில். அங்குள்ள சட்ட நிறுவனம் என்னை நிபுணர் சாட்சியாக வரச் சொல்கிறது. பயணச் செலவும் கட்டணமும் தருவார்களாம். ஹூஸ்டனிலும் தொடர்பான வழக்கு ஒன்று இருப்பதால் பிறகு அமெரிக்காவுக்கும் கூப்பிடலாம் என்கிறார்கள். மகள் லண்டன் ஹரோவில் இருக்கிறாள். "கோர்ட்டு எண்டு எழுதினா விசா தரமாட்டாங்கள் மாமா, மகளைப் பாக்கப் போறன் எண்டு மட்டும் போடுங்கோ" என்கிறார் மருமகன். 2006இல் எனக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அதையும் சொல்லத் தேவையில்லை என்கிறார். நான் எந்த விசா எடுக்க வேண்டும்? போகாவிட்டால் குற்றமாகுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

மருமகன் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் அவர் சொன்ன இரண்டையும் செய்யவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுற்றுலாப் போகவில்லை. உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு கூண்டில் நிற்கப் போகிறீர்கள். எதிர்த்தரப்பு பாரிஸ்டருக்குக் கப்பல் எஞ்சினைப் பற்றி உங்களை மடக்குவது கஷ்டம். உங்களுடைய நேர்மையைப் பற்றி மடக்குவது சுலபம். "இந்த நாட்டுக்கு வரும்போது விசாப் படிவத்தில் என்ன காரணம் எழுதினீர்கள்?" என்று அவர் கேட்டால், மகளைப் பார்க்க என்று எழுதிய கையை என்ன செய்வீர்கள்? நாற்பது வருடக் கடல் அனுபவம் அந்த ஒரு கேள்வியில் போய்விடும்.

தண்டனையும் சின்னதல்ல. விண்ணப்பத்தில் ஏமாற்றியதாகக் கண்டால் பிரித்தானியா 10 வருடத்துக்கு விசா மறுக்கும். கனடாவில் இது 5 வருடம். அமெரிக்காவில் முக்கியமான ஒரு விடயத்தைப் பொய்யாகச் சொல்லி விசா கேட்டதாகத் தீர்மானித்தால், விசேட விலக்கு கிடைத்தாலன்றி வாழ்நாள் முழுக்கத் தடைதான். மகள் லண்டனில் இருக்கும் ஒருவர் எடுக்கக்கூடிய ஆபத்தா இது?

இதில் எனக்கு அதிகம் கவலை தருவது, அந்தப் பொய் தேவையே இல்லை என்பது. பிரித்தானியாவின் வருகையாளர் விதிகளில் நிபுணர் சாட்சிக்கு நேரடியாகவே இடம் இருக்கிறது. ஒரு நிபுணர் சாட்சி ஐக்கிய இராச்சிய நீதிமன்றமொன்றில் சாட்சியமளிக்க வருகையாளராக வரலாம். ஏனைய சாட்சிகளும் வரலாம், ஆனால் நீதிமன்றம் அவர்களை நேரில் வரும்படி அழைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிற விதி. அதாவது உங்களுக்குத் தேவை சாதாரண ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாதான். ஆறு மாதம் வரை தங்கலாம். வேலை விசா, ஸ்பொன்சர் சான்றிதழ் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

அந்த இரண்டு வகையில் நீங்கள் எந்த வகை என்பதை உங்கள் கடிதத்திலிருந்து என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கப்பல் இங்கே நின்றபோது நீங்கள் இயந்திர அறைக்குள் இறங்கியிருக்கிறீர்கள். தேய்ந்த பிஸ்டன் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள், எரிபொருளைச் சுத்திகரிக்கும் பியூரிஃபயரில் அடைந்த சேற்றைத் தொட்டிருப்பீர்கள், எரிபொருள் மாதிரிப் போத்தலின் முத்திரை இலக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பீர்கள். அவை நீங்கள் கண்ட நிகழ்வுகள். அதைச் சொல்லும்போது நீங்கள் கண்கண்ட சாட்சி. "அந்த எரிபொருளில் இருந்த அலுமினியம், சிலிக்கன் துகள்தான் வளையத்தை அராவியது" என்று சொல்லும்போது அது அபிப்பிராயம். அதைச் சொல்லும்போதுதான் நீங்கள் நிபுணர். ஒரே மனிதர் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் இங்கிலாந்துச் சிவில் நடைமுறை விதிகளின் 35ஆம் பகுதிப்படி, நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் எந்தத் தரப்பும் நிபுணரை அழைக்கவோ அவருடைய அறிக்கையைச் சான்றாக வைக்கவோ முடியாது.

ஆகவே சட்ட நிறுவனத்திடம் இன்றைக்கே இதைக் கேளுங்கள்: "என்னை நிபுணர் சாட்சியாக அழைக்க நீதிமன்றம் அனுமதித்த கட்டளை இருக்கிறதா? அதன் பிரதியை அனுப்புங்கள்." கட்டளை இருந்தால் அதுதான் உங்கள் விசாவின் முதுகெலும்பு. இல்லையென்றால், அவர்கள் உங்களை "எக்ஸ்பர்ட்" என்று கூப்பிடுவது மரியாதைக்காக மட்டும் இருக்கக்கூடும். சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் வெறும் சாட்சி. அப்படியானால் நீதிமன்ற அழைப்பாணை இல்லாமல் அந்த விதியின் கீழ் போகமுடியாது. நான் பார்த்த மறுப்புகளில் ஒன்று இப்படித்தான் வந்தது. அவரும் துறைசார்ந்த ஆள்தான், மூதூர்ப் பக்கத்து வைத்தியர். வந்த கடிதத்தில் "எமது கட்சிக்காரரின் வழக்கில் உதவ வருகிறார்" என்று ஒரு வரி. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, எந்தத் திகதி, ஒன்றுமே இல்லை. விசா அதிகாரிக்கு அதை வைத்து என்ன தெரியும்? இரண்டாம் முறை கட்டளையின் பிரதியோடு போட்டோம், கிடைத்தது. ஆனால் அதற்குள் விசாரணைத் திகதி போய்விட்டது.

நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். சட்ட நிறுவனத்தின் கடிதத்தாளில், அங்கே பொறுப்பான சொலிசிட்டரின் கையொப்பத்தோடு இருக்கும். வழக்கின் பெயரும் இலக்கமும், எந்த நீதிமன்றம் என்பதும் இருக்கும். உங்களுடையது கப்பல் வழக்கு என்பதால் கடல் வழக்குகளுக்கான அட்மிரால்டி நீதிமன்றமாகவோ வணிக நீதிமன்றமாகவோ இருக்கும். இரண்டும் லண்டனில் ஃபெட்டர் லேனில் உள்ள ரோல்ஸ் பில்டிங்கில்தான் அமர்கின்றன. நிபுணர் சாட்சிக்கு அனுமதி கொடுத்த கட்டளையின் திகதி, விசாரணை நடக்கும் நாட்கள், அதில் உங்களுக்கு ஒதுக்கிய நாட்கள், அதற்கு முன் சட்டத்தரணிகளோடு உட்காரத் தேவையான நாட்கள், விமானச் சீட்டும் தங்குமிடமும் யார் செலவு, உங்கள் கட்டணம் எதற்கு எவ்வளவு, சாட்சி முடிந்ததும் எந்தத் திகதியில் திரும்புவீர்கள், இவை எல்லாம் வரவேண்டும். ஏன் இலங்கையில் இருக்கிற உங்களை, அதுவும் நேரில், அழைக்கிறார்கள் என்பதற்கு இரண்டு வசனமாவது இருக்கட்டும். கப்பலுக்குள் இறங்கிப் பார்த்த சர்வேயர் நீங்கள் என்பதைவிட வலுவான காரணம் என்ன வேண்டும்? ஆனால் அதை அவர்கள் எழுத்தில் சொல்லவேண்டும்.

இப்போது பணம். இதை மழுப்பாமல் சொல்கிறேன். ஸ்டாண்டர்ட் விசிட்டராகப் போகிறவர், விதியில் சொன்ன சில விலக்குகள் தவிர, அங்கே செய்கிற காரியத்துக்கு அங்குள்ளவரிடம் ஊதியம் வாங்கக்கூடாது. நியாயமான பயணச் செலவும் தங்கும் சாப்பாட்டுச் செலவும் வாங்கலாம். அதில் சந்தேகமில்லை. சட்ட நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உண்மையான தொழில்ரீதியான தொடர்பு இருப்பதால், ஹோட்டலையும் டிக்கெட்டையும் அவர்களே போடவும் விதி இடம் கொடுக்கிறது. கட்டணம் வேறு விஷயம். திருகோணமலையில் உங்கள் மேசையில் இருந்து அறிக்கை எழுதியதற்கும், ஆவணங்களைப் படித்ததற்கும் பில் போட்டு இங்கேயுள்ள வங்கிக் கணக்குக்கு எடுப்பது, இலங்கையில் செய்த வேலைக்கு எடுத்த பணம். லண்டனில் கூண்டில் நின்ற நாளுக்கு நாட்கூலி போல ஒரு தொகை என்றால், அதற்கு அந்த நிறுவனத்தின் குடிவரவுச் சட்டத்தரணி எழுத்தில் பதில் தரட்டும். பெரிய சட்ட நிறுவனங்களில் அப்படி ஒருவர் இருப்பார். அவர் இருபது நிமிடத்தில் எழுதிவிடுவார். கேட்காமல் போய், ஹீத்ரோவில் அதிகாரி "உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்கும் நேரத்தில் நீங்கள் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

பணத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றை விடமுடியாது. வெளிநாட்டுக்குக் கொடுத்த சேவைக்காக வங்கி மூலம் வரும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து இங்கே வரி உண்டு, உச்ச வீதம் 15 சதவீதம். ஓய்வூதியத்தோடு அதையும் சேர்த்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டுங்கள்.

படிவத்தில் பயணத்தின் பிரதான நோக்கம் நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியமளிப்பது என்று எழுதுங்கள். கூடவே, சாட்சி முடிந்தபின் ஹரோவில் மகளோடு பத்து நாள் தங்குவேன் என்றும் எழுதுங்கள். இரண்டும் ஒரே விசாவில் செய்யக்கூடியவை. மகள் அங்கே இருப்பதை மறைக்கவும் வேண்டாம், அவளைக் காரணமாக்கவும் வேண்டாம். மகளின் முகவரியும் குடிவரவு நிலையும் கேட்பார்கள், உள்ளபடி கொடுங்கள். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண் ஆக்கப்பட்டது. ஏப்ரலுக்கு ஏப்ரல் கூட்டுகிற வழக்கம் இருப்பதால், போடுகிற அன்றைக்கு அரசின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கைவிரல் அடையாளமும் படமும் கொடுக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம். நேர்காணல் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் காகிதங்கள் உங்களுக்காகப் பேசவேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

காகிதங்கள் என்றால் என்ன? உவர்மலை வீட்டு உறுதி, ஓய்வூதியப் பத்திரம், திருமண அத்தாட்சிப் பத்திரம், பொறியியலாளர் தகைமைச் சான்றிதழ்கள், கடந்த இரண்டு வருடத்தில் செய்த சர்வே வேலைகளின் பில்கள். இந்தக் கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்து செய்ய இங்கே வேலை இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிப்பாடு, திகதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம், இத்தனையும் அதில் இருக்கவேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனால் அவருக்கு இது தெரியும். உறுதியில் பெயர் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருந்தால் (நம் ஊரில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும்) இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

வங்கிக் கூற்றைப் பற்றி ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். போன வருடம் ஒருவர் என் மேசையில் ஆறு மாதக் கூற்றை விரித்தார். மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது, மின்சாரம், மருந்து என்று போகிறது, மாத முடிவில் முப்பது நாற்பதாயிரம் நிற்கிறது. அழகான, நம்பக்கூடிய கணக்கு. கடைசிப் பக்கத்தில், விண்ணப்பிக்க ஆறு நாள் இருக்கும்போது, 18 இலட்சம் ஒரே வரவு. "மச்சான் போட்டவர், விசாவுக்குக் காட்டத்தான்" என்றார். அந்த ஒரு வரி முன்னால் இருந்த ஐந்து பக்கத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. உங்கள் செலவைச் சட்ட நிறுவனம் ஏற்கிறது, அதைக் கடிதம் சொல்கிறது. உங்கள் கணக்கு உங்கள் கணக்காகவே இருக்கட்டும். மகளிடமும் சொல்லிவையுங்கள்.

2006 மறுப்பைச் சொல்லத்தான் வேண்டும். எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று படிவம் நேரடியாகவே கேட்கிறது. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறுகின்றன. பழைய மறுப்பினால் இன்றைக்கு மறுக்கப்படுவது அபூர்வம். அதை மறைத்ததற்காக மறுக்கப்படுவதுதான் நான் அடிக்கடி காண்பது. "2006இல் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் வருகையாளர் விசா விண்ணப்பித்தேன், மறுக்கப்பட்டது" என்று எழுதி, காரணம் ஞாபகம் இருந்தால் அதையும் சேர்த்து, அதோடு விடுங்கள். அந்தக் கடிதம் தொலைந்திருந்தால் தொலைந்துவிட்டது என்று சொல்வதில் பிழையில்லை.

போகாவிட்டால் குற்றமா? இல்லை ஐயா. இங்கிலாந்து நீதிமன்றத்தின் சாட்சி அழைப்பாணை இலங்கையில் இருக்கும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. அமெரிக்க சமஷ்டி நீதிமன்ற அழைப்பாணையும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமகனையும் நிரந்தர வதிவாளரையும் அது அழைக்கலாம், உங்களை அல்ல. வெளிநாட்டில் சான்று பெறுவது பற்றிய 1970 ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2000இல் சேர்ந்தது. அந்த வழியிலோ இராஜதந்திர வழியிலோ அங்கிருந்து வேண்டுகோள் வந்து, அதன்மேல் நம் நீதிமன்றமே உங்களை அழைத்தால்தான் போகாமல் இருக்கமுடியாது. அதுவும் நம் ஊர் நீதிமன்றத்துக்கு. ஆகவே இது உங்கள் விருப்பம். கூப்பிட்டவர் கோபிப்பார் என்று போகவேண்டியதில்லை.

போகாமலே சாட்சி சொல்ல வழி இருக்கிறதா என்பது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. இருக்கிறது. வீடியோ இணைப்பில் சாட்சி எடுக்க இங்கிலாந்து நீதிபதி அனுமதிக்கலாம். ஆனால் எல்லா நாடும் தன் மண்ணில் இருப்பவரை வேறு நாட்டு நீதிமன்றம் திரையில் விசாரிப்பதை ஏற்கும் என்று அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. அதை அவர்களுடைய வெளியுறவு அலுவலகம் மூலம் முதலில் கேட்டு அறியவேண்டும் என்பது அவர்களின் நடைமுறை. குடிவரவு மேன்முறையீடுகளில் 2021இல் வந்த அக்பாபியாக்கா தீர்ப்புக்குப் பிறகு இதில் இன்னும் இறுக்கமாக இருக்கிறார்கள். இந்த விசாரிப்பு சொலிசிட்டரின் வேலை, உங்களுடையது அல்ல. ஆனால் "கேட்டுவிட்டீர்களா?" என்று கேட்பது உங்களுடையது.

வீடியோச் சாட்சி ஒன்றுக்கு என் அலுவலகத்தை ஒருமுறை கொடுத்தேன். மார்கழி மாதம். லண்டனில் காலை 10.30, இங்கே பின்னேரம் 4 மணி. வாடைக்காற்று மழை தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் நீதிபதி பேசுவது பாதிதான் கேட்டது. "அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? மேசையில் என்ன இருக்கிறது? காட்டுங்கள்" என்றார் நீதிபதி. சாட்சி மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினார். தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் காட்டினார். ஆறு மணிக்குப் பிறகு இருட்டிவிட்டது, அவர் முகம் திரையில் மங்கியது, நான் இன்னொரு அறையிலிருந்து மேசை விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாட்சி நன்றாகத்தான் சொன்னார். ஆனால் அவர் எவ்வளவு நிதானமான மனிதர் என்று எனக்குத் தெரியும், அந்தத் திரையில் அது தெரியவில்லை. உங்கள் சாட்சியத்தில் ஒரு வளையத்தின் படத்தைக் காட்டி, தேய்மானம் எந்தத் திசையில் போகிறது என்று விளக்கவேண்டி வரும். உடல்நலம் இடம்கொடுத்தால் நேரில் போங்கள் என்பது என் அபிப்பிராயம். முடியாது என்றால் வீடியோவுக்கு இப்போதே கேட்கச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

ஹூஸ்டன் அழைப்பு வந்தால் அது பி-1 எனப்படும் வணிக வருகையாளர் விசா. வழக்கு நடவடிக்கைக்காக வருவது அந்த வகைக்குள் அடங்கும் என்று அவர்களுடைய இராஜாங்கத் திணைக்களத்தின் கையேடே சொல்கிறது. இணையத்தில் "சாட்சிகளுக்கான எஸ் விசா" என்று படித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றக் கும்பல், பயங்கரவாத வழக்குகளில் தகவல் கொடுப்பவர்களுக்கு, அதுவும் சட்ட அமுலாக்க அதிகாரிகளே கேட்டு எடுப்பது. உங்களுக்குப் பொருந்தாது. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்பி, 185 டொலர் கட்டி, கொழும்புத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகவேண்டும். அங்கே சட்டத்தின் தொடக்கமே, நீங்கள் குடியேற வருகிறீர்கள் என்ற ஊகம். அதை உடைக்கிற பொறுப்பு உங்களுடையது. அதிகாரி இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார். கடிதம் கையில் இருக்கட்டும், ஆனால் அவர் வாங்கிப் படிக்காமலும் விடலாம். "ஒரு கப்பல் எஞ்சின் வழக்கில் நிபுணர் சாட்சி சொல்லப் போகிறேன், ஐந்து நாள், பிறகு மனைவியிடம் திரும்பிவிடுவேன்" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். உங்கள் சாட்சிக் கட்டணத்தைப் பற்றி லண்டனுக்குச் சொன்னதே இங்கும். எழுத்துமூலப் பதில் எடுக்காமல் நகராதீர்கள். சமஷ்டி நீதிமன்றம் என்றால், நிபுணர் தன் அறிக்கையோடு தன் கட்டணத்தையும், கடந்த 4 வருடத்தில் சாட்சி சொன்ன வழக்குகளையும், 10 வருடத்தில் வெளியிட்ட கட்டுரைகளையும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவேண்டும் என்பது விதி. தூதரகத்தில் சொன்ன தொகையும் அறிக்கையில் வரும் தொகையும் ஒன்றாக இருக்கட்டும். அமெரிக்காவிலும் தக்க காரணம் இருந்தால் காணொளியில் சாட்சி எடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. முதல் கட்ட விசாரிப்பான டெபொசிஷனையும் தொலைவிலிருந்தே செய்யலாம். ஹூஸ்டனுக்கு நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

கனடாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து இப்படி அழைப்பு வருகிற வாசகர்கள் பலர் என்பதால் இரண்டு வரி. இந்த விஷயத்தில் மூன்று நாட்டிலும் தெளிவான சட்டம் கனடாவுடையதுதான். நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிபுணர் சாட்சியாக வருபவரும், அங்கே சான்றாக வைக்கும் ஆய்வைச் செய்பவரும் வேலை அனுமதி இல்லாமலே அந்த வேலையைச் செய்யலாம் என்று குடிவரவு ஒழுங்குவிதிகளின் 186ஆம் பிரிவு பெயர் சொல்லியே விலக்களிக்கிறது. வருகையாளர் விசா மட்டும் எடுத்தால் போதும். கட்டணம் 100 கனடிய டொலர், விரலடையாளத்துக்கு 85.

விசாவுக்கு அப்பால் இன்னொன்று, ஏனென்றால் இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் நிபுணர் சாட்சியின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு. காசு கொடுக்கிற தரப்புக்கான கடமை அதற்குக் கீழே. இதை விரித்துச் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பும் ஒரு கப்பல் வழக்குத்தான், 1993இன் இக்கேரியன் ரீஃபர். கப்பல் உரிமையாளர்கள் உங்களுக்கு முன்பு வேலை தந்தவர்கள். அதையும் அறிக்கையில் சொல்லிவிடுங்கள். உங்கள் கருத்துக்கு எதிராகப் போகக்கூடிய உண்மை ஒன்று உங்கள் குறிப்புப் புத்தகத்தில் இருந்தால், அதையும் அறிக்கையில் எழுதவேண்டும். 2011இல் இருந்து அங்கே நிபுணர் சாட்சிமீது, அவரை அமர்த்திய தரப்பே கவனயீனத்துக்கு வழக்குப் போடலாம் என்ற நிலையும் வந்திருக்கிறது. தொழில்சார் காப்புறுதியை அந்த நிறுவனம் எப்படி ஏற்பாடு செய்கிறது என்று கேட்டு வையுங்கள்.

மொழியைப் பற்றியும் நினையுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்தால் இயந்திர அறை ஆங்கிலம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குறுக்கு விசாரணை ஆங்கிலம் வேறு. ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கும். சந்தேகம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் "ஓம்" என்று தலையாட்டுவது அவருக்குப் புரியவேண்டும்.

கப்பலில் எடுத்த எண்ணெய் மாதிரி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறவேண்டாம். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற எழுத்து அறுந்தால் அந்த மாதிரிக்குப் பெறுமதி இல்லை. சொலிசிட்டரே ஆள் அனுப்பி முத்திரையோடு எடுக்கட்டும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது உங்கள் குறிப்புப் புத்தகத்தின் மூலப் பிரதி, அழைப்புக் கடிதம், நீதிமன்றக் கட்டளையின் பிரதி, திரும்பும் டிக்கெட். நான்கும் கைப்பையில் இருக்கட்டும், அனுப்பும் பெட்டியில் வேண்டாம். இறங்கிய இடத்தில் அதிகாரி கேட்கும்போது உங்கள் பெட்டி இன்னும் சுற்றுப்பட்டியில் வந்திருக்காது.

கட்டளையின் பிரதி வந்ததும், படிவத்தை அனுப்புவதற்கு முன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதிகள் ஒத்துவருகின்றனவா என்று மருமகனையே பார்க்கச் சொல்லுங்கள்.